றேடியோக்காரன் வாய் திறக்க முதல்

“…வாய் திறக்க முதல் எழும்பிப்போடோணும் அண்ணை. விடுங்கோ. றேடியோக்காரன் சொல்லிப்போடுவான்.”

புல்லில் மல்லாந்து கிடந்தபடி இதைச் சொன்னவர் கானா நாட்டுக்காரர். பந்தடித்துச் சீவித்த மனிதர். சொன்னதெல்லாம் ஆங்கிலம், ‘அண்ணை’ மட்டும் எங்களிடம் எடுத்தது. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். அந்த நேரத்திலும் அது வலது கைதான். இடது கையை ஒருவரிடம் நீட்டுவது மரியாதையில்லை என்பது எங்களுக்கு எப்படியோ, அவர்களுக்கும் அப்படியே.

அந்த இடத்தில் றேடியோ எதுவும் இல்லை. அது மொன்ட்ரியாலில் ஒரு பூங்கா. கானா முதன்முதலாக உலகக் கிண்ணத்துக்குப் போன கோடைக்கு அடுத்த கோடை. எங்கள் யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கங்கள் கூடி நடத்திய உதைபந்தாட்டப் போட்டி. மூலையிலிருந்து வந்த பந்தைத் தலையால் வெளியே தள்ளப் பாய்ந்தவர், எதிரணிக்காரர் ஒருவரின் மண்டையோடு மோதி, கழுத்து மடிய விழுந்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் மனைவி செருப்பையும் விட்டுவிட்டு ஓடிவந்து, அவருடைய தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

“கழுத்திலதான் அடி போலக் கிடக்கு. ஆளை எழும்ப விடாதேங்கோ. இப்ப எழும்பினா பிறகு எழும்பவே மாட்டார்” என்றாள் என்னிடம்.

வேறு யாரையும் எழும்ப விடாமல் பிடித்துவிடலாம். இவரைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இவர் எப்படிப்பட்டவர் என்று சொன்னால்தான் விளங்கும்.

அவர் வெள்ளிக்கிழமை பிறந்தவர். அவர்களுடைய ஊரில் பிறந்த கிழமையே பெயராகிவிடுமாம். அதைக் கேட்ட நாள்முதல் எங்கள் ஆட்கள் அவரை ‘வெள்ளி’ என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவருடைய நீளமான முழுப்பெயர் எங்கேயோ ஒரு பழைய கழகத்துச் சட்டையின் முதுகில் இன்னும் இருக்கும்.

ஜான்-டலோன் சந்தையில் நான் வேலை செய்த மரக்கறிக் கடைக்கு ஒரு மாசி மாதம் வந்து சேர்ந்தார். முதல் நாளே தோளில் தக்காளிப் பெட்டியோடு பின்வாசல் ஐஸில் வழுக்கி விழுந்தார். ஐஸில் விழுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விழுந்தவன் முதலில் சுற்றுமுற்றும் பார்ப்பான், யாரும் கண்டுவிட்டார்களோ என்று. பிறகு இடுப்பைத் தடவுவான். இவர் இரண்டையும் செய்யவில்லை. நிலத்தில் பட்டாரோ இல்லையோ, எழும்பி நின்றார். நின்று, இடது பக்கமாக, மேலே ஓரிடத்தைப் பார்த்தார். அங்கே கூரை விளிம்பில் ஒரு புறா இருந்தது. அதற்குத் தலையை ஆட்டிவிட்டு, உருண்டுபோன தக்காளிகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

“ஆருக்குத் தலையாட்டினீர்?” என்று கேட்டேன்.

“பழக்கம். நான் நல்லா இருக்கிறன் எண்டு சொன்னனான்.”

“புறாவுக்கோ?”

“புறாவும் தெரிஞ்சுகொள்ளட்டும்.”

எனக்கு ஒருவரைப் பிடித்துப்போவதற்கு இப்படி ஒரு பதில் போதும். அவரிடம் இந்த மாதிரி நிறைய இருந்தது. குளிரைப் பற்றிக் கேட்டால், கடவுள் இந்த ஊரில் குளிர்ப்பெட்டியைத் திறந்துவிட்டு, என்ன எடுக்க வந்தேன் என்று மறந்துபோய் நிற்கிறார் என்பார். பெல்ஜியத்தில் இருந்த பயிற்சியாளரைப் பற்றிக் கேட்டால், தங்கமான மனிதர், ஆனால் கத்தும்போது எட்ட நிற்கவேண்டும், நனைந்துவிடுவோம் என்பார். தன்னுடைய ஆட்டத்தைப் பற்றி அவரிடம் இருந்தது ஒரே ஒரு வசனம்தான். “முன்னுக்கு விளையாடுறவன் விழுந்தா பெனால்ரி. பின்னுக்கு விளையாடுறவன் விழுந்தா கோல்.” அவர் பின்னுக்கு விளையாடுகிறவர். இடது பக்கக் காவல்.

குமாசி என்ற நகரத்தின் பெரிய கழகமொன்றில் தொடங்கி, பெல்ஜியம், மால்ற்றா, பின்லாந்து என்று போய், கடைசியில் மொன்ட்ரியாலில் ஒரு கழகத்துக்காகச் சில கோடைகள் விளையாடி, முழங்கால் கைவிட்ட பிறகு சந்தைக்கு வந்தவர். இதையெல்லாம் இப்படி ஒழுங்காக நான் கேட்டறியவில்லை. பின்லாந்து வெங்காய மூட்டை இறக்கும்போது வந்தது. மால்ற்றா ஒரு தேத்தண்ணி நேரத்தில் வந்தது, அதுவும் அங்கே மைதானத்தில் புல் இல்லை, அவர்களும் தேடவில்லை என்ற ஒரு வரியோடு போய்விட்டது.

அம்மாவின் கதை வந்தது ஒரு மத்தியானச் சாப்பாட்டில். அன்று என் மச்சானும், அதாவது என் மனைவியின் தமையன், கடைக்கு வந்திருந்தார். மூன்று பேரும் பின்பக்கத்தில் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து பாணும் மீன்பொரியலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

வெள்ளியின் அம்மா குமாசியின் பெரிய சந்தையில் துணி விற்கிறவர். மகன் முதன்முதலாகப் பெரிய கழகத்துக்கு ஆடிய நாளில், கடையில் றேடியோவை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் யாரோ முழங்கையால் இடித்ததில் மகன் விழுந்தார். மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம் படுத்திருந்தார், அவ்வளவுதான். றேடியோக்காரனுக்கு அது போதும். ஆள் விழுந்துவிட்டான், அசையவில்லை, ஐயோ இன்னும் அசையவில்லை, இவனைப் பெற்ற தாய் எங்கே இருக்கிறாளோ என்று பெரிதாக எடுத்துவிட்டான். பெற்ற தாய் துணிகளை அப்படியே போட்டுவிட்டு, வெறுங்காலோடு மைதானம் வரைக்கும் ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது விளையாட்டு முடிந்து, மகன் வாசலில் தோடம்பழம் உறிஞ்சிக்கொண்டு நிற்கிறார். அம்மா அடிக்கவில்லை, அழவில்லை. மகனுடைய காதைப் பிடித்துக் கீழே இழுத்து, அந்தக் காதுக்குள் சொன்னாராம்:

“விழு. விழாமல் விளையாட ஏலாது எண்டு எனக்கும் தெரியும். ஆனா றேடியோக்காரன் வாய் திறக்க முதல் எழும்பிப்போடு.”

அந்த மைதானத்தில் வர்ணனையாளர்கள் இருந்த கூண்டு இடது பக்கம் மேலே இருந்தது. விழுந்தவுடன் எழும்பி அந்தத் திசைக்குத் தலையை ஆட்டுவது அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

நாங்கள் சிரிக்கவில்லை. ஊரில் போர் நடந்து மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம் நாங்கள். சுற்றுகிறவனுடைய கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். எந்த ஊரின் பெயர் வரப்போகிறதோ என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்ற தாய்மாரை நாங்களும் பார்த்திருக்கிறோம். மச்சான் கையிலிருந்த பாணைக் கீழே வைத்துவிட்டு, சந்தையிலிருந்து மைதானம் எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

“அதை அவா இன்னும் சொல்லயில்லை” என்றார் வெள்ளி.

அம்மா சொன்ன சொல்லை இவ்வளவு கண்டிப்பாகக் காத்த ஒரு பிள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதுவேதான் அவருக்கு வினையாகவும் போனது. பின்லாந்தில் ஒரு விளையாட்டில் முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது தெரிந்தும் உடனே எழும்பினார். இடது பக்கம் மேலே தலையாட்டினார். அங்கே ஒரு விளம்பரப் பலகைதான் இருந்ததாம். முடியும் மட்டும் ஓடினார். படுத்திருந்தால் சின்ன விஷயம், ஓடியதால்தான் பெரிய விஷயமாகிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். குமாசியில் துணி விற்கும் அம்மாவுக்குப் பின்லாந்து றேடியோ எப்படிக் கேட்கும் என்று நான் கேட்டேன். கேட்டாலும் அந்த மொழியில் ஒரு சொல்லும் விளங்காது என்று அவரே ஒப்புக்கொண்டார். “அதுக்காகப் படுத்திருக்க ஏலுமோ அண்ணை?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உலகக் கிண்ணக் கோடையில் கானாவின் விளையாட்டுகளை எங்கள் வீட்டில்தான் பார்த்தார். கோல் விழுந்தால் சத்தம் போடமாட்டார். தன் நாட்டு ஆட்டக்காரர் யாராவது காலைப் பிடித்துக்கொண்டு உருண்டால் மட்டும் தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய், எழும்பு, எழும்பு என்று தன் மொழியில் கெஞ்சுவார்.

அந்த வருடம்தான் நாங்கள் வில்லரே பகுதியில் ஒரு மேல்மாடிக்கு மாறினோம். மொன்ட்ரியாலில் யூலை முதலாந் திகதி என்றால் பாதிச் சனம் வீடு மாறும் நாள். தெருவெல்லாம் மெத்தையும் அலுமாரியும் நடந்து போகும். எங்கள் வீட்டுக்கு வெளியே வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படி. உடுப்புத் தோய்க்கும் மெசினை நானும் வெள்ளியும் தூக்கினோம், அவர் கீழ்ப்பக்கம். பாதியில் அவருடைய கால் தவறி, மெசினோடு சேர்ந்து சறுக்கிக் கீழே போனார். நான் ‘யேசுவே’ என்று சொல்லி முடிக்க முதல் அவர் நின்றுகொண்டிருந்தார், மெசினையும் பிடித்துக்கொண்டு. இடது பக்கம் மேலே தலையை ஆட்டினார். பக்கத்து வீட்டு மாடியில் உடுப்புக் காயப்போட்ட போர்த்துக்கீச மனுசி அது தனக்குத்தான் என்று எண்ணி, ‘போன்ஜூர்’ என்றாள்.

பின்னேரம் கால் வீங்கி, அவருடைய சப்பாத்தைக் கழற்ற முடியவில்லை. வெட்டித்தான் எடுத்தோம். என் மனைவி துவாயில் ஐஸ் சுற்றி வைத்தபடி, என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்:

“இந்த மனுசன் ஒரு நாளைக்கு எழும்பக் கூடாத நேரத்தில எழும்பப்போறார்.”

என்ன சொல்கிறா என்று வெள்ளி கேட்டார். நோகுதோ என்று கேட்கிறா என்றேன்.

“நோகுது. ஆனா நிண்டுகொண்டுதான் நோகுது” என்றார்.

எங்கள் ஊர் கடற்கரை ஊர். கோயில் மணிக்கு வராதவர்களும் பந்துச் சத்தத்துக்கு வந்துவிடுவார்கள். இங்கே வந்தும் அந்தப் புத்தி மாறவில்லை. போட்டி விதிப்படி ஒவ்வொரு அணியும் வெளியாள் ஒருவரைச் சேர்க்கலாம். எங்கள் அணி வெள்ளியைச் சேர்த்தது. முழங்கால் போனவர்தான், ஆனால் எங்களுடைய ஆட்களின் வயிறுகளோடு ஒப்பிட்டால் அந்த முழங்கால் புதிது. எதிரணிக்காரர் சண்டைக்கு வந்தார்கள். வெளியாள் என்றால் பக்கத்து ஊர்க்காரன் என்றல்லவா நினைத்தோம், இது வேறு கண்டமாக இருக்கிறதே என்றார்கள். எங்கள் அணித் தலைவர் அசையவில்லை. வெளி என்றால் வெளிதான், எவ்வளவு தூரம் என்று விதியில் இல்லை என்றார். நான் வெள்ளிக்கு விஷயத்தை விளங்கப்படுத்தினேன்.

“என்ர ஊர் எது எண்டு கேட்டா உங்கட ஊர் எண்டு சொல்லுங்கோ” என்றார். “மீன் பொரிக்கிற மணம் ஒண்டுதான்.”

வர்ணனை செய்தவர் மச்சான். கோயில் திருநாளென்றாலும் கலியாண வீடென்றாலும் மைக் அவருடைய கையில்தான். வீட்டில் எங்களைப் போலக் கதைக்கிற மனிதர், மைக்கைத் தொட்டவுடன் ‘பந்து மத்திய களத்திலே தவழ்ந்து செல்கின்றது’ என்று தொடங்கிவிடுவார். அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மைக்கில் பொய் சொல்லமாட்டார். அதற்கு முந்திய கோடையில் எங்கள் ஆள் ஒருவர் கையால் தட்டிப் போட்ட கோலை நடுவர் காணவில்லை. மச்சான் கண்டார், கண்டதை ஒலிபெருக்கியில் சொன்னார். கோல் போனது, கிண்ணமும் போனது. ஊர்ச்சனம் மாதக்கணக்கில் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. “நாக்கு என்ர. மைக் எல்லாருக்கும் சொந்தம்” என்பார், அவ்வளவுதான் அவருடைய நியாயம்.

பதற்றப்படுகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். வெள்ளி நன்றாக இருக்கிறார். கழுத்தெலும்பில் வெடிப்பு. அன்று எழும்பியிருந்தால் கையும் காலும் வழங்காமல் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் கழுத்துப் பட்டையோடு, யாரைப் பார்ப்பதென்றாலும் முழு உடம்பையும் திருப்பிப் பார்த்துக்கொண்டு திரிந்தார். பிறகு குமாசிக்குத் திரும்பிப் போய், இப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறார். விழுந்த பிள்ளையை எழும்பச் சொல்வதில்லையாம். தானும் பக்கத்தில் புல்லில் படுத்துக்கொண்டு, எங்கே நோகிறது என்று கேட்பாராம். அம்மாவுக்கு விஷயத்தை அவர் சொல்லாமல் மறைத்து, கடைசியில் எங்கள் வீட்டுத் தொலைபேசியில்தான் சொன்னார்.  அதற்கு அம்மா, “அது அந்த ஒரு விளையாட்டுக்குச் சொன்னதடா. நீ அதைக் காவிக்கொண்டு உலகமெல்லாம் திரிஞ்சனியோ?” என்று கேட்டாராம். தாயும் மகனும் தொலைபேசிக் காட் முடியும்வரை சிரித்தார்கள். நாங்களும் ஏன் என்று தெரியாமல் கூடச் சிரித்தோம்.

ஆனால் அன்று மைதானத்தில் இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது.

அடிபட்டதில் அவருக்கு இடம் பிசகி, குமாசி மைதானத்தில் கிடப்பதாக எண்ணம் வந்துவிட்டது. கண் திறந்திருந்தது, அது பார்த்தது எங்களை அல்ல. மச்சானின் ஒலிபெருக்கி ஒரு வாகனத்தின் கூரையில் கட்டியிருந்தது. அது வெள்ளிக்கு இடது பக்கம், மேலே. அதிலிருந்து குரல் வந்தது: “விழுந்து கிடக்கின்றார் எங்கள் வெள்ளி… இன்னமும் அசையவில்லை…”

அவருக்குத் தமிழ் தெரியாது. தன் பெயர் தெரியும். ஆள் விழுந்த செய்தியைச் சொல்கிற குரல் எந்த மொழியிலும் ஒன்றுதான். குதிகாலை நிலத்தில் ஊன்றினார். என் சட்டையைப் பிடித்தார். முதலில் எழுதினேனே, அந்த வசனத்தை அப்போதுதான் சொன்னார். அவருடைய தோளில் நான் என் முழுப் பாரத்தையும் போட்டும் அந்தத் தோள் என்னையும் தூக்கிக்கொண்டு எழும்பப் பார்த்தது.

“உந்த மைக்கை நிப்பாட்டச் சொல்லுங்கோ” என்றாள் மனைவி. தலையைப் பிடித்த கைகளை அவள் எடுக்கவில்லை.

நான் கையைக் காட்டினேன். மச்சான் நிறுத்தினார். நிறுத்தியது இன்னும் மோசமாகிவிட்டது. மகன் விழுந்த செய்தியோடு றேடியோ நின்றுபோனால் ஒரு தாய் என்ன நினைப்பாள்? வெள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு முன்னையிலும் பலமாக உன்னினார்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது.

“மச்சான், வெள்ளி எழும்பிட்டார் எண்டு சொல்லுங்கோ” என்று கத்தினேன்.

மச்சான் வாயிலிருந்து மைக்கை எடுக்க மறந்திருந்தார். பதில் ஒலிபெருக்கியில்தான் வந்தது. “அவர் கிடக்கிறாரே.”

“அவற்ர அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறா மச்சான்.”

 மச்சான் எங்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, தபால் கந்தோரில் வேலை செய்த காலத்து ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: வெள்ளி எழும்பிவிட்டார். எழும்பி நிற்கிறார். காற்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிடுகிறார். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். ஒன்றுமில்லை, அவருக்கு ஒன்றுமேயில்லை. இதோ பந்து அவருடைய காலில். இடது பக்கமாக ஓடுகிறார்.

பூங்காவில் நின்ற சனம் புல்லையும் ஒலிபெருக்கியையும் மாறி மாறிப் பார்த்தது. ஆள் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறார், காதுக்குள் ஓடுகிறார். எதிரணிப் பக்கத்தில் யாரோ ஒருவர் கையைத் தட்டத் தொடங்கினார். என்ன நடக்கிறதென்று தெரிந்து தட்டினாரோ தெரியாமல் தட்டினாரோ, பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

வெள்ளி உன்னுவதை நிறுத்தினார். காதைக் கொடுத்துக் கேட்டார்.

“சொல்லிட்டானோ?” என்றார் என்னிடம்.

“சொல்லிட்டான்.”

“அம்மாவுக்குக் கேட்டிருக்குமோ?”

“வடிவாக் கேட்டிருக்கும்.”

ஒலிபெருக்கியில் வெள்ளி பந்தோடு ஒருவரை வெட்டிக்கொண்டு, இன்னொருவரைத் தாண்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். பூங்காவுக்கு அப்பால் அம்புலன்சின் சத்தம் கேட்கத் தொடங்கியது. என் சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. ஊன்றியிருந்த குதிகால்கள் புல்லில் மெல்ல வழுக்கிப் போயின. இரண்டு காலையும் நீட்டி, என் மனைவியின் கைகளுக்குள் தலையின் பாரத்தை முழுதாக விட்டு, கண்ணை மூடிக்கொண்டு அவர் படுத்தார்.